கம்பெனி ஆம்ப்ளிபையர் உள்ள காரில் புது ஸ்டீரியோ: நான் பட்ட பாடு

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்பு பொறியியல் மாணவர் ஒருவர்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கட்டுரையும் வராது என்று நழுவப் பார்த்தேன். "லீவுல ஒரு கார்ல ஸ்டீரியோ மாட்டப் போய் நீ மாட்டிக்கிட்டியே, அதையே எழுதுடா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆம்ப்ளிபையர் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய ஒருவன் ஒரு சாதாரண கார் ஸ்டீரியோவிடம் தோற்ற கதை நம் வகுப்பு நண்பர்களுக்கு உபயோகப்படும் என்று தோன்றியது. நம்மில் சிலராவது கார் ஆக்சஸரி கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ வேலைக்குப் போகத்தான் போகிறோம். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இங்கேதான். ஏரியின் மறுபக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் எங்கள் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்து ஓட்டுக்கூரையை ஆட்டும். எங்கள் ஊரில் 'பாடு' என்றால் கஷ்டம் மட்டும் இல்லை. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்கும் பாடு என்றுதான் பெயர். தலைப்பில் நான் சொன்னது முதல் அர்த்தத்தில்!

என் தகப்பனார் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். தாயார் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். 'எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான்' என்றால் ஊரில் என்ன அர்த்தம் தெரியுமா? டிவி, மிக்ஸி, டார்ச் லைட், படகு வயர்லெஸ், கோயில் மைக் செட் எல்லாவற்றுக்கும் நானே டாக்டர். டையோடு எது, ரெசிஸ்டர் எது என்று தெரிவதற்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பட்டம் கொடுத்து விட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தப்பாவுக்குத் தோள்பட்டை வலி வந்து கடலுக்குப் போக முடியாமல் போயிற்று. படகில் இருந்த பங்கை விற்று, ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். பொன்னேரி ஆஸ்பத்திரி, கல்யாணம் காட்சி, பறவை பார்க்க வருகிறவர்களின் சவாரி என்று ஏதோ ஓடுகிறது. காரின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு காலத்தில் வசதியானவர்கள் வைத்திருந்த டிக்கி வைத்த பெரிய கார். அதில் கம்பெனி போட்டுக் கொடுத்த சி.டி. டெக் இருந்தது. எப்.எம். பாடும், ஆனால் சி.டி.யை விழுங்காது. விழுங்கினாலும் இன்று யார் சி.டி. வைத்திருக்கிறார்கள்? ஏறுகிற பார்ட்டி எல்லோரும் "போன்ல பாட்டு போட முடியுமா?" என்று கேட்கிறார்கள். சித்தப்பா ஐயாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்தார். "வெளியில குடுத்தா மாட்டுற கூலின்னு தனியா கேப்பான். நீ இருக்கும்போது இன்னாத்துக்குடா?" என்றார்.

ரிச்சி தெருவுக்குப் போய் 4,200 ரூபாய்க்கு ஒரு புளூடூத் டெக் வாங்கினேன். மீதியில் வயர், ஸ்லீவ், ஒரு கிரிம்பிங் பிளேயர். டெக்கின் அட்டைப் பெட்டியில் '50 வாட் × 4' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்து நானும் மயங்கினேன். பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் நடந்தது

பழைய டெக்கைக் கழற்றினேன். பின்னால் இருந்த கப்ளர் புது டெக்கில் பொருந்தவில்லை. பொருந்தாததை என்ன செய்வது? வெட்டினேன். இதுதான் முதல் தப்பு. நண்பர்களே, கம்பெனி கப்ளரை ஒருபோதும் வெட்டாதீர்கள். அந்த அந்த மாடலுக்கு ஏற்ற மாற்றுக் கப்ளர் ஆக்சஸரி கடைகளில் கிடைக்கிறது. ஒரு பக்கம் காருக்கு, மறுபக்கம் டெக்குக்கு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நான் இரண்டு நாளைத் தொலைத்தேன்.

புது டெக்கில் வயர்களின் நிறம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் வரும். மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட். சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட். கறுப்பு கிரவுண்ட். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இவற்றுக்கு ஜோடியாகக் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிபையரை எழுப்பும் ரிமோட் வயர். இந்தக் கடைசி வயரைப் பார்த்து, 'நமக்குத்தான் ஆம்ப்ளிபையர் இல்லையே' என்று டேப் சுற்றி ஒதுக்கி விட்டேன்.

ஸ்பீக்கர் வயர்களை ஜோடி பார்த்து இணைத்தேன். சாவி போட்டேன். டெக்கில் விளக்கு எரிந்தது, போன் இணைந்தது, பாட்டு ஓடியது. ஆனால் ஒரு ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை! சுற்றி நின்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். அண்ணனுக்குத் தெரியும் என்று பொறுமையாகப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

டிக்கியில் இடது பக்கத் துணி லைனிங்கைத் தள்ளிப் பார்த்தபோதுதான் ஒரு அலுமினியப் பெட்டி கண்ணில் பட்டது. துடுப்பு துடுப்பாக ஹீட் சிங்க். ஆம்ப்ளிபையர்! கம்பெனியே வைத்தது. பரவாயில்லை, இதை எழுப்பினால் போதும் என்று ரிமோட் வயரை எடுத்து, வெட்டிய கப்ளரில் மிச்சமிருந்த வயர்களில் ஒன்றோடு குத்துமதிப்பாகச் சேர்த்தேன். அதிர்ஷ்டம், சரியான வயர். தப்பான வயராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. சத்தம் வந்தது. ஆனால் அது பாட்டு இல்லை. வால்யூம் 2-ல் வைத்தாலே கிழிந்த பறை மாதிரி அலறியது. எஞ்சினை ஓட்டினால் அதனுடன் ஒரு 'ங்ஙீ' என்ற ஊளை வேறு.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த விதம் இது: "நம்ம லேபில் டி.டி.ஏ. 2030 வைத்து ஆம்ப்ளிபையர் செய்தோமே, அதில் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டுக்குத்தானே போனது? இங்கே மைனஸ் நான்கும் கிரவுண்ட் ஆகாமல் தொங்குகிறது. அதனால்தான் இரைச்சல்." உடனே நான்கு மைனஸ் வயரையும் ஒன்றாக முறுக்கி பாடியில் ஒரு போல்ட்டில் கட்டினேன். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டெக் ஊமையாகி விட்டது.

சித்தப்பா ஒன்றும் திட்டவில்லை. "சாயந்தரம் சவாரி இருக்குடா. பாட்டு இல்லாமயே போறேன்" என்று சொல்லி, டேஷ்போர்டில் ஓட்டை வாயோடு காரை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி படித்தது

வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஸ்பீக்கரையும் 12 வோல்ட் பேட்டரியையும் வைத்து டெக்கைத் தனியாகச் சோதித்தேன். மூன்று சேனல் பாடியது. பின் இடது செத்துப்போயிருந்தது. அப்புறம்தான் போனில் கார் ஸ்டீரியோ பவர் ஐ.சி.களின் டேட்டா ஷீட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். வேலைக்கு முன்னால் படித்திருக்க வேண்டியது. டி.டி.ஏ. 7388 என்பது இந்த வகை ஐ.சி.க்களில் மிகவும் பரவலான ஒன்று. 25 கால்கள், நான்கு சேனல், நான்கும் 'பிரிட்ஜ்' முறை.

லேபில் நாம் செய்தது வேறு. ஒற்றை சப்ளையில் ஐ.சி.யின் அவுட்புட் பாதி வோல்டேஜில் நிற்கும், ஸ்பீக்கருக்கு டி.சி. போகாமல் ஒரு பெரிய கெப்பாசிட்டர் போட்டோம், மறுமுனை கிரவுண்ட். கார் டெக்கில் ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிபையர்கள். பிளஸ் முனையை ஒன்று தள்ளும்போது மைனஸ் முனையை மற்றது இழுக்கும். சும்மா இருக்கும்போது இரண்டு முனையுமே கிரவுண்டிலிருந்து ஏறக்குறைய 7 வோல்ட் உயரத்தில் நிற்கும். இரண்டும் சமம் என்பதால் ஸ்பீக்கரில் டி.சி. ஓடாது, கெப்பாசிட்டரும் தேவையில்லை. அப்படியானால் மைனஸைக் கொண்டுபோய் பாடியில் கட்டுவது என்றால் என்ன? ஓடிக் கொண்டிருக்கும் ஒரு ஆம்ப்ளிபையரின் அவுட்புட்டை நேராக ஷார்ட் செய்வது! ஐ.சி.க்குள் பாதுகாப்பு உண்டு. என் விஷயத்தில் மூன்றைக் காப்பாற்றியது, நாலாவதைக் காப்பாற்றவில்லை.

ஏன் இந்த பிரிட்ஜ் முறை? கணக்குப் போட்டால் புரியும். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒற்றை ஆம்ப்ளிபையர் மேலும் கீழும் 7.2 வோல்ட்தான் ஆட முடியும். அதன் ஆர்.எம்.எஸ். 5.1 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 6.5 வாட். பிரிட்ஜில் உச்சம் 14.4, ஆர்.எம்.எஸ். 10.2, 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். நாலு மடங்கு. ஐ.சி.யில் போகும் இழப்பைக் கழித்தால் சுத்தமான சத்தம் 20 வாட் சொச்சம்தான் கிடைக்கும். அப்படியானால் பெட்டியில் போட்ட 50 வாட்? அலை முழுக்க வெட்டுப்பட்டு சதுர அலையாகி விட்டால் 14.4 × 14.4 ÷ 4 = 51.8 வாட். அதாவது 50 வாட் என்பது பாட்டு செத்த பிறகு வரும் கணக்கு! கடையில் இதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

இப்போது அலறலுக்கு வருவோம். டெக்கின் ஸ்பீக்கர் அவுட்புட் 20 வாட் கொடுக்கும்போது அங்கே 8.9 வோல்ட் இருக்கும். கம்பெனி ஆம்ப்ளிபையரின் இன்புட்டோ பழைய டெக்கிலிருந்து வந்த சின்ன சிக்னலை, ஒரு வோல்ட் இரண்டு வோல்ட்டை, எதிர்பார்த்து வைத்தது. காதருகில் வந்து கத்தினால் என்ன ஆகும்? ஏற்கெனவே பெரிதாக்கிய சிக்னலை மறுபடி பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.

சாதாரண கார்களில் பவர் ஆம்ப்ளிபையர் டெக்குக்குள்ளேயே இருக்கும். வயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். விலை உயர்ந்த கார்களில்தான் இந்தத் தனி ஏற்பாடு. 1930-ல் கால்வின் கம்பெனி மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்த பிறகு நெடுங்காலம் கார் பாட்டு என்றால் ஏதோ கேட்டால் சரி என்றுதான் இருந்தது. அமர் போஸ் என்று ஒரு பேராசிரியர். அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். அவருடைய கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து 1983 மாடல் கேடிலாக் செவில் காரில் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் தனி ஆம்ப்ளிபையர் வைத்தது. அந்தக் காருக்காகவே அளந்து செய்த சவுண்ட் சிஸ்டம் அது. இன்று நம்மூரில் ஓடும் கியா செல்டோஸின் உயர்ந்த மாடல்களில்கூட போஸ் சிஸ்டம் வருகிறது. ஆகவே கதவு கிரில்லில் போஸ், ஜே.பி.எல்., இன்பினிட்டி என்று ஏதாவது பெயர் தெரிந்தால் உள்ளே தனி ஆம்ப்ளிபையர் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பெயர் இல்லாமலும் இருக்கும், எங்கள் காரைப் போல.

சந்தேகத்தைத் தீர்க்க மல்டிமீட்டர் போதும். டெக்கைக் கழற்றி, கார் பக்கத்துக் கப்ளரில் ஒரு ஸ்பீக்கர் ஜோடியை 200 ஓம் ரேஞ்சில் அளக்கவும். நேரான ஸ்பீக்கர் என்றால் 3-லிருந்து 4 ஓமுக்குள் காட்டும். இம்பீடன்ஸ் 4 ஓம் என்றாலும் டி.சி. ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். மீட்டர் இடது ஓரத்தில் '1' என்று நின்றுவிட்டால், ரேஞ்சைக் கூட்டிப் பார்த்தால் கிலோ ஓம் கணக்கில் காட்டினால், நடுவில் ஆம்ப்ளிபையர் இருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டு ஸ்பீக்கர் 'டப்' என்கிறதா என்று பார்ப்பார்கள். நேரான ஸ்பீக்கருக்கு அது சரி, ஆம்ப்ளிபையர் இன்புட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். மீட்டரே முதலில்.

"அந்தக் கம்பெனி ஆம்ப்ளிபையரையே தூக்கிப் போட்டுவிட்டு நேராக ஸ்பீக்கருக்கு வயர் இழுத்தால் என்ன?" என்று கேட்கலாம். சில கார்களில் முடியும். ஆனால் இந்த வகை சிஸ்டங்களில் சிலவற்றில் ஸ்பீக்கர் 2 ஓம், அதற்கும் கீழே இருக்கும். 4 ஓமுக்காகச் செய்த டெக்கை அதில் மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்காகி ஐ.சி. காய்ந்து போகும். தவிர, எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பாஸ், எவ்வளவு டிரபிள் என்று பிரிக்கிற வேலையும் அந்த ஆம்ப்ளிபையருக்குள்தான் நடக்கிறது. என் கருத்தில், நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாம் தடவை

மூன்றாம் நாள் ராக்கெட் விடும் நாள். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்துவிடுவார்கள். அதனால் தகப்பனாரும் வீட்டில் இருந்தார். நான் காரைத் திறந்து உட்கார்ந்ததும் அவரும் வந்து பக்கத்தில் குந்திக் கொண்டார்.

முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். டேஷ்போர்டுக்குள் கை விடுவதற்கு முன் எப்போதும் இதைச் செய்ய வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கானவை. அந்தப் பக்கமே போகக் கூடாது, மீட்டரும் வைக்கக் கூடாது.

வெட்டிய பழைய கப்ளரின் வயர்களை ஒவ்வொன்றாக நிறம் பார்த்துத் திரும்ப இணைத்து, பழைய டெக்கை உயிர்ப்பித்தேன். எப்.எம். பாடியது, அழகாகப் பாடியது! இப்போது டெக்கை ஆன் செய்து ஆப் செய்து ஒவ்வொரு வயரிலும் வோல்டேஜ் பார்த்தேன். ஆன் செய்தால் 12, ஆப் செய்தால் 0 என்று மாறியது ஒரே ஒரு வயர். அதுதான் ஆம்ப்ளிபையரை எழுப்புவது; முதல் நாள் குத்துமதிப்பாகப் பிடித்ததும் அதுவே. பழைய டெக் பாதி செத்திருந்தாலும் இந்த அளவுகளை எடுத்து எழுதிக்கொள்ளாமல் அதைக் கழற்றக் கூடாது என்பது என் அனுபவம். சில கார்களில் இந்த எழுப்பும் வோல்டேஜ் 12 இல்லாமல் 5 ஆக இருக்கும். புதிய கார்களில் வோல்டேஜே இல்லாமல் டேட்டா வயரில் கட்டளையாகப் போகும். அதற்குத் தனி அடாப்டர் வாங்கியே ஆக வேண்டும். இன்னொன்று: ரிமோட் வயர் என்பது தட்டி எழுப்பத்தான். அதிலிருந்தே ஆம்ப்ளிபையருக்குப் பவர் எடுத்தால் டெக் தாங்காது.

அடுத்து சிக்னல். புது டெக்கின் பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் இரண்டு ஜோடி இருந்தன, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பிரீ அவுட் என்பார்கள். பவர் ஐ.சி.க்குப் போவதற்கு முன்பே எடுத்த சின்ன சிக்னல். இதைத்தான் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். ஆர்.சி.ஏ. பின்னின் நடுக் கம்பியை ஆம்ப்ளிபையருக்குப் போகும் பிளஸ் வயரிலும், ஷீல்டை அதன் ஜோடி மைனஸ் வயரிலும் சேர்த்தேன். மைனஸை வேறு எங்கும் கிரவுண்ட் செய்யவில்லை, பட்டது போதும்! சில டெக்கில் ஒரே ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. இருக்கும். அப்போது ஒய் வடிவ வயர் போட்டுப் பிரிக்கலாம், முன் பின் மாற்றும் பேடர் மட்டும் வேலை செய்யாது. பிரீ அவுட்டே இல்லாத மலிவு டெக்காக இருந்தால் ஸ்பீக்கர் அவுட்புட்டைக் குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று கடையில் கிடைக்கும். உள்ளே சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கிறதாகக் கேட்டு வாங்குங்கள். கார் பக்கமும் டெக் பக்கமும் மின்சார ரீதியாகப் பிரிந்திருக்கும், இரைச்சல் குறையும்.

சாவி போட்டேன். பாட்டு வந்தது. சுத்தமான பாட்டு! வால்யூம் 10-லேயே கார் நிறைந்தது. தகப்பனார் தலையை ஆட்டினார். சரி என்று எஞ்சினை ஓட்டினேன். மறுபடி அந்த 'ங்ஙீ'. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளையும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. உள்ளே வருகிற வழி பெரும்பாலும் கிரவுண்ட். நான் ஆர்.சி.ஏ. கேபிளை இடம் மாற்றிப் பார்த்தேன், பவர் வயரை விட்டுத் தள்ளி வைத்தேன். குறையவில்லை. வியர்த்து ஊற்றியது. தகப்பனார் டிக்கியில் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தவர், "இது இன்னாடா நைனா, பச்சையா பூத்துக்கினு கீது?" என்றார்.

ஆம்ப்ளிபையரின் கறுப்பு வயர் பாடியில் போல்ட் செய்த இடம். செம்பு லக்கில் பச்சைக் களிம்பு, போல்ட்டைச் சுற்றித் துரு. "படகு பேட்டரியில இப்பிடித்தான் பூக்கும். வயரு நல்லாத்தான் இருக்கும், முடியிற எடத்துல உப்பு துன்னுடும். மண்ணெண்ணெ போட்டுத் தேய்ச்சுட்டு கிரீஸ் தடவுவோம்" என்று அவர் பாட்டுக்குச் சொன்னார்.

நான் மீட்டரை எடுத்தேன். ஓம் ரேஞ்சில் இதைப் பிடிக்க முடியாது. நம் மீட்டரின் புரோப் வயரே அரை ஓம் வரை காட்டும். வழி என்னவென்றால் வோல்டேஜ் டிராப் பார்ப்பது. பாட்டைச் சத்தமாக ஓட விட்டு, பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப்ளிபையரின் கிரவுண்ட் முனைக்கும் நடுவில் டி.சி. வோல்ட் அளந்தேன். இரண்டும் ஒரே கிரவுண்ட் என்றால் ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். 0.42 வோல்ட் காட்டியது. ஆம்ப்ளிபையரின் கரண்ட் அந்தத் துருவைத் தாண்ட முடியாமல், ஆர்.சி.ஏ. கேபிளின் ஷீல்டு வழியாக டெக் பக்கம் போய்த் திரும்பப் பார்க்கிறது. பாட்டு போகிற அதே கம்பியில் ஆல்டர்னேட்டரின் அசுத்தமும் சவாரி செய்கிறது.

உப்புத்தாள் போட்டு பெயின்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன். பழைய லக்கை வெட்டிவிட்டுப் புதிது கிரிம்ப் செய்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார் தகப்பனார். மறுபடி அளந்தேன்: 0.03 வோல்ட். ஊளை போய்விட்டது.

உப்புக் காற்று அடிக்கும் ஊரில் வேலை செய்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வயரை முறுக்கி பி.வி.சி. டேப் சுற்றுவது எங்கள் ஊரில் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. வெயிலில் பசை இளகி டேப் பிரியும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். செம்பு பச்சையாகி, தொட்டால் பொடியாக உதிரும். லேபில் எல்லாவற்றையும் சால்டர் செய்யச் சொல்லித் தருகிறார்கள். காரில் அதிர்வு இருப்பதால் சால்டர் முடிகிற விளிம்பில் வயர் விறைத்து ஒடியும். நல்ல கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஆடாமல் கட்டி வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆசிரியர் யாரும் கோபித்துக் கொள்ளக் கூடாது.

கடைசியாக வால்யூம். போனில் ஒரே சீரான டோன் போட்டு, டெக்கின் பிரீ அவுட்டை ஏ.சி. வோல்ட்டில் அளந்தேன். முழு வால்யூமான 40-ல் 1.9 வோல்ட். பாட்டு போட்டுக் கேட்டதில் 28-க்கு மேல் ஸ்பீக்கரில் கரகரப்பு ஆரம்பிக்கிறது. "28-ஐத் தாண்டாதீங்க சித்தப்பா" என்று சொல்லி வைத்தேன். பியூஸைப் பற்றி: டெக் இப்போது பவர் கொடுக்கும் வேலையைச் செய்யாததால் ஒன்றிரண்டு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனாலும் அதோடு வந்த 10 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு வயர் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

மத்தியானம் ராக்கெட் போயிற்று. எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். ஒரு கணக்கு பாக்கி இருந்தது.

அந்தச் செத்துப்போன பின் இடது சேனல். இப்போது நான்கு ஸ்பீக்கரும் பாடுகின்றன. ஏனென்றால் பிரீ அவுட் பவர் ஐ.சி.க்கு முன்பே பிரிகிறது, ஐ.சி.யில் ஒரு சேனல் செத்தாலும் இந்தக் காரில் யாருக்கும் தெரியாது. டெக் இந்தக் காரில் இருக்கும் வரை தெரியவே தெரியாது. ஐந்து வருஷம் கழித்து வேறு காரில் மாட்டினால்தான் தெரியும். அப்போது அது தானாகப் போனது என்று சொல்லிக் கொள்ளலாம். இரண்டு நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. 'படிச்ச பையன்' என்று ஒரு பேர் இருக்கிறதே, அது போய்விடுமோ என்ற பயம்.

சித்தப்பா கரையிலிருந்து வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, பாட்டைக் கூட்டிக் குறைத்து, சந்தோஷமாகத் தாளம் போட்டார். நான் சொன்னேன்.

"சித்தப்பா, மொத நாள் நான் தப்பா வயர் கட்டினேன் இல்ல, அதுல டெக்கு உள்ள ஒரு சேனல் போயிடுச்சு. என்னாலதான்."

"நாலும் பாடுதேடா?"

"இப்ப பாடும். இந்தக் கார்ல அது வேலையே இல்ல. வேற கார்ல போட்டா ஒரு பக்கம் பாடாது."

அவர் கொஞ்ச நேரம் டெக்கைப் பார்த்தார். தகப்பனாரைப் பார்த்தார். தகப்பனார் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக் கொண்டிருந்தார்.

"அத அதுலயே எழுதி வெச்சுடு. நாளைக்கு எவன் வாங்குனாலும் பாத்துக்குனு வாங்கட்டும்" என்றார் சித்தப்பா. பிறகு, "பொன்னேரில நம்ம ஸ்டாண்டு வண்டி ஒண்ணு இருக்குது, அவனும் டெக்கு மாத்தணும்னு சொல்லிக்கினு கீறான். உன் நம்பர் குடுக்கட்டா?" என்று கேட்டார்.

டெக்கை மறுபடி வெளியே இழுத்தேன். மேல் தகட்டில் மார்க்கர் பேனாவால், 'பின் இடது ஸ்பீக்கர் அவுட்புட் வேலை செய்யாது, பிரீ அவுட் மட்டும் சரி' என்று எழுதி, தேதி போட்டேன். மை காய்ந்ததும் பிரேமுக்குள் தள்ளினேன். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழுந்தது.